குற்றாலம் எரிமலையா?

குற்றாலத்திற்கு நீங்கள் சாரல் காலத்தில் போயிருப்பீர்கள். எண்ணெய் வழியும் தலைகளுக்கு நடுவே பேரருவியின் அடியில் இடம் பிடிக்க முண்டியடித்திருப்பீர்கள். தண்ணீர் விழுகிற வேகத்தில் அங்கே கண்ணைத் திறக்கவே முடியாது. அதனால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பாறையை யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாசி, பங்குனியில் போகவேண்டும். அருவி நூலாக இளைத்திருக்கும். பாறை முழுவதும் வெளியே தெரியும். கடைக்காரர்கள்கூட அவ்வளவாகக் கூப்பிட மாட்டார்கள்.

அப்படி ஒரு பங்குனி மாதக் காலையில் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, கல்விச் சுற்றுலா வந்த மாணவர் கூட்டம் ஒன்று எதிரே வந்து நின்றது. உடன் வந்த ஆசிரியர் மேலே கையைக் காட்டி விளக்கினார். இந்த மலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்து அவிந்துபோனது. மேலே உள்ள பொங்குமாங்கடல்தான் அதன் வாய். இந்தக் கருங்கல் எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்தது. பாறையில் ஓடும் வெள்ளைக் கோடுகள் அந்தச் சூட்டில் பொங்கி வந்த சிலிக்கா. குரலில் உறுதி இருந்தது. பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு சிறுமி மட்டும் எழுதவில்லை. பாறையருகே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "சார், எரிமலைக் கல்லுன்னா ஓட்டை ஓட்டையா இருக்கும்னு படத்துல போட்டிருக்கே. இதுல ஒண்ணையும் காணலையே?" என்று கேட்டாள்.

ஆசிரியர் கோபிக்கவில்லை. "பரீட்சையில தீப்பாறைன்னு எழுதும்மா, மார்க் போடுவாங்க" என்று சிரித்தபடி சொன்னார். அவளும் எழுதிக்கொண்டாள்.

அந்த ஆசிரியரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்ன விளக்கத்தை ரயிலிலும் கேட்டிருக்கிறேன். விடுதி வாசலிலும் கேட்டிருக்கிறேன். நன்கு படித்தவர்களும் சொல்கிறார்கள். தவறான ஒரு விளக்கம் இவ்வளவு பரவலாக, இவ்வளவு உறுதியாக நிலவுகிறது என்றால், அதை வளர்த்துவிடுகிற ஏதோ ஒன்று நம் பாடமுறையிலேயே இருக்கவேண்டும். அது என்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சிறுமியின் கேள்விக்கும் ஒரு பதில் வேண்டும் அல்லவா?

மூன்று பெட்டிகள்

பாறைகள் மூன்று வகை என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. இந்தப் பிரிவில் தவறு ஒன்றும் இல்லை. உலகெங்கும் புவியியலார் கையாள்வதுதான். தவறு இதைக் கற்பிக்கும் விதத்தில் இருக்கிறது. மூன்று பெட்டிகளை வைத்து, பெட்டிக்கு இரண்டு உதாரணம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். கிரானைட்டும் பசால்ட்டும் முதல் பெட்டி. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் இரண்டாவது. சலவைக்கல்லும் பலகைக்கல்லும் மூன்றாவது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளை தினமும் மிதிக்கும் கல் இந்த ஆறில் எது? ஒன்றுமே இல்லை. ஆகவே அவள் அதைக் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கிறது என்பதற்காக முதல் பெட்டியில் போடுகிறாள்.

போட்டபின் சொல் தன் வேலையைச் செய்கிறது. 'தீப்பாறை' என்றதும் மனத்தில் தீ எரிகிறது. தீ என்றால் எரிமலை. சில நூல்களில் இந்த வகை முழுவதையுமே 'எரிமலைப் பாறை' என்று எழுதுகிறார்கள். இது தெளிவான பிழை. பாறைக் குழம்பு உறைந்து உண்டாகும் பாறைகளில் ஒரு பகுதிதான் எரிமலை வழியாக மேலே வந்தது. மற்றொரு பெரும் பகுதி, வெளிச்சத்தையே காணாமல், பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல உறைந்தது. கிரானைட் அந்த வகை.

'கருங்கல்' என்ற சொல்லும் நமக்கு உதவாது. அது கட்டட வேலைக்காரர்களின் சொல். கெட்டியாக, கருமையாக இருப்பது எல்லாம் கருங்கல். ஸ்தபதிகள் இன்னும் நுட்பமாகப் பிரித்து, உளியால் தட்டிக் கேட்கும் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்கிறார்கள். சிலை வடிப்பதற்கு அது போதுமான அறிவு. ஆனால் கல் எப்படிப் பிறந்தது என்ற கேள்வியை அந்தப் பெயர்கள் கேட்பதே இல்லை. வியாபாரிகளோ பளபளப்பாக மெருகேறும் கடினமான கல் எல்லாவற்றையும் 'கிரானைட்' என்கிறார்கள். வெண்மையில் சிவப்புப் புள்ளிகள் தெளித்தாற்போன்ற 'காஷ்மீர் ஒயிட்' என்ற கல்லைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அது மதுரைப் பக்கம் வெட்டியெடுப்பது. காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சரியாகச் சொன்னால் அது கிரானைட்டும் அன்று. அந்தச் சிவப்புப் புள்ளிகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கருப்பட்டியும் பனங்கற்கண்டும்

எரிமலைப் பாறையை அடையாளம் காணச் சிறந்த பாடம் திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது. உடன்குடிப் பக்கம் பதநீரைக் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நன்கு காய்ந்த பாகைச் சிரட்டையில் ஊற்றினால் விரைவில் ஆறி இறுகிக் கருப்பட்டியாகும். உடைத்துப் பார்த்தால் மணிமணியாக எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதே பதநீர்ப் பாகை இளம் பதத்தில் இறக்கி, பானையில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் பல நாள் வைத்திருந்தால் பனங்கற்கண்டு கிடைக்கும். சாறு ஒன்றுதான். அவகாசம் கிடைத்தால் பெரிய படிகம்; கிடைக்காவிட்டால் பொடிப் படிகம்.

பாறைக் குழம்பும் இப்படித்தான். தரைக்கு மேல் கொட்டிய குழம்பு காற்றிலும் நீரிலும் பட்டு விரைவாக உறைகிறது. படிகங்கள் வளர நேரமில்லை. அதனால் பசால்ட் உடைந்த முகம் வெறும் கண்ணுக்குச் சீரான கருமையாகத் தெரியும். இன்னும் விரைவாகக் குளிர்ந்தால் படிகமே தோன்றாமல் கண்ணாடி ஆகிவிடும். எரிமலைக் கண்ணாடி என்று சொல்லும் அப்சிடியன் அதுதான். ஆழத்திலேயே தங்கிய குழம்பு பல ஆயிரம் ஆண்டுகள், சில சமயம் பல லட்சம் ஆண்டுகள், மெதுவாக ஆறுவதால் கிரானைட்டில் கண்ணுக்குத் தெரியும் பெரிய மணிகள் வளர்கின்றன.

சிறுமி கேட்ட ஓட்டைகளும் இதைச் சேர்ந்தவையே. குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கும். மேலே வரவர அழுத்தம் குறையும். மூடியைத் திறந்த சோடாப் புட்டியைப்போல் வாயு குமிழியாகக் கிளம்பும். அதற்குள் குழம்பு உறைந்துவிட்டால் குமிழி இருந்த இடம் ஓட்டையாகவே நின்றுவிடும். எல்லா எரிமலைக் கல்லிலும் ஓட்டை இருக்கும் என்பதில்லை. ஆனால் எரிமலை என்று சொல்லப்படுகிற ஒரு முழு மலையில் ஓரிடத்திலும் ஓட்டை இல்லை, சாம்பல் படிவு இல்லை, குழம்பு அடுக்கடுக்காக ஓடிய தடம் இல்லை என்றால், சந்தேகப்பட அந்தச் சிறுமிக்கு முழு உரிமை உண்டு.

சிலிக்காவின் பங்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். பூமியின் மேலோட்டின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜனும் சிலிக்கனும்தான். ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் நிற்கும். இந்த நான்முகிகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகின்றன. குழம்பில் சிலிக்கா மிகமிகச் சங்கிலிகள் நீளும், குழம்பு பிசினாகும். பசால்ட்டுக் குழம்பில் சிலிக்கா சுமார் 50 சதவீதம். 1100, 1200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அது வெகுதூரம் ஓடும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தில் வெடிப்புகள் வழியே இப்படி ஓடிப் பரந்த குழம்புதான் இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டரளவு தக்காணத்தை மூடியிருக்கிறது. ரயோலைட்டுக் குழம்பில் சிலிக்கா சுமார் 70 சதவீதம். அது ஓடுவதில்லை, வாயுவை உள்ளே அடைத்து வைத்துக்கொண்டு வெடிக்கப் பார்க்கும். கர்நாடகத்தில் மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரி தீவுகளில், சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறை தூண்தூணாக நிற்பதைக் காணலாம். இந்தியாவிலிருந்து மடகாஸ்கர் பிரிந்த காலத்தை ஒட்டி, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டானது அது.

உயிருள்ள எரிமலையையே காண வேண்டும் என்பவர்கள் அந்தமானுக்குப் போகவேண்டும். 1787இல் பொங்கியதாகக் குறிப்புள்ள பாரன் தீவு, நெடுங்காலம் உறங்கி 1991இல் விழித்தது. அதற்குப் பின்னும் பலமுறை புகைந்திருக்கிறது. நம் நாட்டில் இன்று செயல்படும் எரிமலை அது ஒன்றே. குற்றாலத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க ஆசைப்படுவது இயற்கைதான். 'எங்கள் ஊர் எரிமலை' என்பதில் ஒரு பெருமை இருக்கிறது.

பாறையே சொல்வது

ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பத்து மடங்கு காட்டுவது புத்தகக் கடையிலோ கடிகாரக் கடையிலோ கிடைக்கும். குற்றாலத்திலோ தென்காசியைச் சுற்றியுள்ள குன்றுகளிலோ புதிதாக உடைந்த பாறைத் துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாலையோரம் கிடக்கும் ஜல்லிகூடப் போதும். முதலில், மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை. ஆகவே விரைவில் உறைந்த எரிமலைக் குழம்பு அன்று. இரண்டாவது, பல துண்டுகளில் கருமையும் வெண்மையும் பட்டைபட்டையாக ஒரே திசையில் இழுபட்டிருக்கும். இது நைஸ் என்னும் பாறை. பெரும் அழுத்தத்தில் பிசையப்பட்டதன் அடையாளம். மூன்றாவது, மாதுளை முத்துப்போல் சிவந்த மணிகள் ஆங்காங்கே பதிந்திருக்கும். இவை கார்னெட். காஷ்மீர் ஒயிட்டில் பார்த்த அதே சிவப்புப் புள்ளிகள். இந்த வகைக் கார்னெட் நைஸ்கள் பெரும்பாலும் முன்பு களிமண்ணாகவோ மணலாகவோ படிந்திருந்தவை. ஆழத்திற்குப் போய், சூட்டிலும் அழுத்தத்திலும் வேறு கனிமங்களாக மாறியவை.

இன்னொரு துண்டு பட்டையில்லாமல், இருண்ட பச்சைச் சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். இதன் பெயர் சார்னோக்கைட். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இது ஏராளம். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே கல்தான்.

இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் 1693இல் இறந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் கொண்டுபோனார்கள். இந்திய புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து எழுதி, சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். கல்கத்தாவை நிறுவியவர் சார்னாக்கே என்ற பெயரை 2003இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. தமிழ்நாட்டுக் கல்லில் மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. நமக்கோ இந்தக் கல்லுக்கென்று ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை. நாடெங்கும் கோயில் கட்டிய நாம் அதை வெறும் 'கருங்கல்' என்றே அழைத்து வருகிறோம்.

குற்றாலத்து ஆசிரியருக்கு ஒரு நியாயமும் இங்கே சொல்லவேண்டும். ஹாலண்டே 1900இல் எழுதிய பெரிய நூலில் சார்னோக்கைட்டைக் குழம்பு உறைந்த பாறை என்றுதான் முடிவு கட்டினார். எரிமலையில் அன்று, ஆழத்தில் உறைந்தது என்பது அவர் கருத்து. அவ்வளவு தேர்ந்த கண்ணுக்கே அப்படித் தோன்றியது. அறுபது ஆண்டுகள் கழித்து, சி. எஸ். பிச்சமுத்து என்ற இந்தியப் புவியியலார் மைசூர்ப் பக்கம் கப்பல்துர்க்கம் என்ற இடத்தில் ஒரு வியப்பைக் கண்டார். சாதாரண நைஸ் பாறைக்குள்ளேயே, வெற்றிலைச் சாறு துணியில் ஊறினதுபோல், திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட் படர்ந்திருந்தது. நைஸின் பட்டைகள் அந்தத் திட்டுக்குள் மங்கி மறைந்தன. திடமாக இருந்த பாறை, திடமாக இருந்தபடியே, சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்து பாதியில் நின்றுபோன இடம் அது. 1960இல் நேச்சர் இதழில் அவர் இதை வெளியிட்டார். குற்றால மலைத்தொடரின் மறுபக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியிலும் இப்படிப் பாதியில் நின்ற சார்னோக்கைட்டை ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள்.

மாறியது எப்படி? நைஸில் உள்ள கருமைக் கனிமங்களான அப்பிரகத்திலும் ஹார்ன்பிளண்டிலும் நீர் பிணைந்திருக்கிறது. வெப்பம் 700, 800 டிகிரியைத் தாண்டி, சுற்றிலும் நீர் குறைந்து கரியமில வாயு மிகுந்தால், அந்த நீர் விலகி அவை ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரில்லாத கனிமமாகின்றன. ஹைப்பர்ஸ்தீன் இருப்பதே சார்னோக்கைட்டின் அடையாளம். ஆழத்தில் குழம்பாகவே இருந்து உறைந்த சார்னோக்கைட்டும் உண்டு. ஒரே பெயருக்குள் இரண்டு பிறப்பு. ஆகவே இதைப் பெட்டியில் போடச் சொல்லிக் கேட்பதே சரியான கேள்வி அன்று.

"வெப்பம் 800 டிகிரி என்கிறீர்களே, அப்படியானால் இதுவும் தீப்பாறைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். குயவர் சூளையைப் பாருங்கள். பச்சை மண்பானை சூளையில் வெந்து சிவந்து கெட்டியாகிறது. மறுபடி தண்ணீர் ஊற்றினால் கரைவதில்லை, பொருளே மாறிவிட்டது. ஆனால் பானை ஒருபோதும் உருகவில்லை. உருகியிருந்தால் வடிவமே இருக்காது. குற்றாலப் பாறையில் பெரும்பகுதி சூளைப் பானையைப் போன்றது. அங்கங்கே கொஞ்சம் உருகி, வெள்ளைப் பட்டையாக உறைந்ததும் உண்டு. உருகியது அங்கேயே உறைந்தது. மேலே வந்து கொட்டவில்லை.

அந்தச் சூளை 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இருந்தது. காலம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் இலங்கையும் ஒரே பெருநிலத்தில் ஒட்டியிருந்தன. நிலத்துண்டுகள் நெருக்கிய நெருக்கில் வடமேற்காகவும் தென்கிழக்காகவும் ஒரு பெரிய பிசைவுப் பட்டை உண்டாயிற்று. அதை இன்று அச்சன்கோவில் பட்டை என்கிறார்கள். அதன் நலிந்த பாறைகளை ஒட்டித்தான் மலைத்தொடர் தாழ்ந்து செங்கோட்டைக் கணவாய் அமைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நுழைந்துதான் தென்காசிக்குச் சாரலைத் தருகிறது. ஆக, எரிமலை இல்லாவிட்டாலும் குற்றாலத்தின் சாரலுக்கும் அதன் பாறைக்கும் உறவு உண்டு. எரிமலைக் கதையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாறையில் கை வைக்கும்போது, ஒரு மலைத்தொடர் முழுவதும் தேய்ந்து அகன்றபின் வெளிப்பட்ட அதன் அடித்தளத்தையல்லவா தொடுகிறோம்!

பொங்குமாங்கடல்

அப்படியானால் அந்தப் 'பெருவாய்'? பேரருவி நேரே தரையில் விழுவதில்லை; நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து பொங்கி, மறுபடி விழுகிறது. அந்தப் பள்ளமே பொங்குமாங்கடல். வெள்ளத்தில் உருண்டுவரும் கற்கள் பாறையின் ஒரு சிறு குழிவில் சிக்கிக்கொண்டால் நீர்ச்சுழல் அவற்றை அங்கேயே சுற்றவைக்கும். ஆட்டுரலில் குழவி சுழல்வதுபோல் அவை பாறையை அரைக்கும். குழவி தேய்ந்துபோனால் வெள்ளம் வேறு கல்லைக் கொண்டுவந்து போடும். இப்படி உண்டாகும் குழிகளைக் குடக்குழி என்பர். எரிமலை வாய்க்கும் இதற்கும் வேறுபாடு சொல்வது கடினமன்று. குடக்குழியின் சுவர் வழவழப்பாக இருக்கும். ஓடையின் வழியில் மட்டுமே இருக்கும். சிற்றாறு செய்த வேலைக்குத் தீயைப் பாராட்டுகிறோம்.

வெங்கச்சங்கல்லின் வரலாறு

ஆசிரியர் சொன்ன கடைசி வாக்கியம் பாறையின் வெள்ளைக் கோடுகளைப் பற்றியது. பட்டையாக இருப்பவற்றைப் பற்றி முன்பே பார்த்தோம். பாறையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் தூய வெள்ளைக் கோடுகள் வேறு. அவை குவார்ட்சு. ஊரில் வெங்கச்சங்கல் என்பார்கள். சிறுவயதில் இருட்டில் இரண்டை உரசி, பொறி பறப்பதைப் பார்த்து அந்தக் கருகல் வாசனையை முகர்ந்திராதவர் குறைவு. சிலிக்காவின் மிகச் சாதாரணமான படிக வடிவம் இது. ஆனால் கொட்டிய தீக்குழம்பில் பிறந்ததன்று. ஆழத்தில் சூடான நீர் அழுத்தத்தோடு பாறை இடுக்குகளில் ஓடும்போது சிலிக்காவைக் கரைத்துக்கொள்கிறது. மேலே ஏறிக் குளிரும்போது அதை இடுக்கின் சுவர்களில் விட்டுவிட்டுப் போகிறது. அப்படி நிரம்பிய வெடிப்புத்தான் வெள்ளைக் கோடு. பால்போல் வெளுத்திருப்பது ஏன் என்றால், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நீர்த்துளிகளும் வாயுக்குமிழிகளும் அதற்குள் அடைபட்டிருக்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. உண்மையான எரிமலை நாட்டிலும் அழகிய சிலிக்காக் கற்களைச் செய்வது தீ அன்று. பசால்ட்டில் தனிச் சிலிக்கா மிஞ்சுவதே அரிது. குழம்பு உறைந்து ஆறியபின், நிலத்தடி நீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்து, நாம் முன்னே சொன்ன அந்த ஓட்டைகளுக்குள் படலம் படலமாகப் படியவிடுகிறது. வெங்காயம்போல் வரிவரியான அகேட் இப்படி உண்டாகிறது. நடுவில் வெற்றிடம் மிஞ்சினால் அங்கே படிகங்கள் முளைக்கும். சிறிது இரும்பு சேர்ந்து, பாறையின் இயற்கைக் கதிரியக்கமும் பட்டால் அவை ஊதா நிறம் பெற்றுச் செவ்வந்திக்கல் ஆகும். குஜராத்தில் ரத்தன்பூர்ப் பக்கம் தோண்டியெடுத்த அகேட்டைக் காம்பத்து நகரில் சூடேற்றிச் சிவக்கச் செய்து மணியாக்குகிறார்கள். கீழடி அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகளைப் பார்த்தவர்கள், அந்தக் கல் வடமேற்கிலிருந்து வந்திருக்கவேண்டும் என்று கருதுவதற்குக் காரணம் இதுதான். நம் பாறையில் அந்த ஓட்டைகள் இல்லை. இல்லாத ஓட்டைகளைத் தேடிய சிறுமியின் கேள்வி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். அதைப் பின்பற்றினால் பழந்தமிழர் வாணிகம்வரை போய்விடலாம். கொடுமணலிலோ குவார்ட்சும் செவ்வந்திக்கல்லும் அக்கம்பக்கத்துப் பாறைகளிலேயே கிடைத்தன. அகேட் மட்டும் வெளியிலிருந்து வந்தது.

திருவக்கரையிலும் சாத்தனூரிலும் உள்ள கல்மரங்களும் நீர் கொணர்ந்த சிலிக்காவின் வேலையே. மண்ணில் புதைந்த மரத்தின் உயிரணுக்களில் சிலிக்கா புகுந்து, ஆண்டு வளையம் வரை அச்செடுத்துவிட்டது. அங்கே எரிமலை எதுவும் இல்லை.

குற்றாலத்துக் கடைகளில் ஸ்படிக மாலை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்படிகம் என்பது நிறமற்ற தெளிந்த குவார்ட்சு. நம் பழைய நூல்களில் இதன் பெயர் பளிங்கு. மணிமேகலை ஒளிந்த பளிக்கறை இதைக் கருதியதே. இன்று பளிங்கு என்றால் சலவைக்கல் என்று ஆகிவிட்டது. அது சிலிக்காவே அன்று, சுண்ணாம்பு. நல்ல ஒரு சொல்லைத் தொலைத்துவிட்டோம். மாலை விஷயத்திற்கு வருவோம். கண்ணாடி மணியில் உருப்பெருக்கியால் பார்த்தால் உருண்டையான காற்றுக்குமிழி தெரியலாம். ஸ்படிகத்தில் அப்படி இராது. மெல்லிய மேகம்போன்ற படலமோ கீறலோ இருக்கும். ஸ்படிகம் கண்ணாடியைக் கீறும். கடினத்தில் அதற்கு 7, சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை. கடைக்காரரின் பெட்டிக் கண்ணாடியில் கீறிப் பார்த்துவிடாதீர்கள்.

கேள்வித்தாளின் பொறுப்பு

நான் குறைசொல்வது இதைத்தான். 'பாறைகளின் வகைகள் யாவை?' என்று கேட்கும் கேள்வித்தாள், குற்றாலத்தில் நிற்கும் பிள்ளையைப் பாறையிலிருந்து விலக்கிக் குறிப்பேட்டுக்குத் திருப்பிவிடுகிறது. 'உன் ஊர்க் கல் ஒன்றை எடுத்து, மணி பெரிதா சிறிதா, பட்டை உண்டா, ஓட்டை உண்டா, கத்தியால் கீறினால் கீறுகிறதா என்று எழுது' என்று கேட்டால் என்ன? விடைத்தாள் திருத்துவது கடினம் என்பார்கள். கடினம்தான். பள்ளி ஆய்வகத்துப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கிய பசால்ட்டும் சலவைக்கல்லும் இருக்கட்டும். பக்கத்திலேயே அந்த ஊர் ஜல்லி ஒன்றும் இருக்கவேண்டும். 2019இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அந்த மாவட்டத்தின் பள்ளிகளிலாவது சார்னோக்கைட், கார்னெட் நைஸ் என்ற இரண்டு பெயர்களும் தெரிந்திருக்கலாம். புளியரைச் சோதனைச்சாவடி வழியே கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்குப் போவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். போகிற கல் எது என்றாவது அவர்கள் அறிந்திருக்கலாமே.

அந்தச் சிறுமி இதைப் படிப்பாள் என்றால், அவளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். குற்றாலத்தில் இன்றைக்கு, இந்தச் சாரலில், புதிதாக உருவாகும் சிலிக்காக் கனிமம் ஒன்று உண்டு. மலைப்பாறையின் பெல்ஸ்பார் மழையில் மெல்ல மெல்லக் களிமண்ணாகச் சிதையும்போது கொஞ்சம் சிலிக்கா நீரில் கரைகிறது. சிற்றாறு அதைத் தென்காசி வயல்களுக்குக் கொண்டுவருகிறது. நெற்பயிர் வேரால் உறிஞ்சி, இலையிலும் உமியிலும் ஓப்பல் என்ற வடிவில் படியவைக்கிறது. நெல்லின் இலை விரலை அறுப்பதும், உமியைச் சுட்டால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுவதும், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காவாக இருப்பதும் அதனால்தான். உன் ஆச்சி உமிக்கரியால் பல் விளக்கியிருப்பாள். கேட்டுப் பார்.